ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் இரண்டு கடிகாரங்கள்

“என்ற வாட்ச்சும் அவன் வாட்ச்சும் ஒரே டைம்தானுங்க காட்டுது, அப்பறம் எப்படிங்க ரெண்டும் தப்பாகும்?” என்று கண்டக்டர் டைம் கீப்பரிடம் கேட்பது ஜன்னல் வழியாகக் காதில் விழுகிறது. எனக்காகச் சொன்னதில்லை. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குக் காது இருக்கும் என்று பொதுவாக யாருக்கும் தோன்றுவதில்லை. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இது தினப்படி சண்டைதான், ஒரு பஸ் கொஞ்சம் பிந்தி வந்து நிற்கும், டைம் கீப்பர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திட்டுவார், கண்டக்டர் வாட்ச்சைக் காட்டுவார். இன்று இரண்டு பஸ்காரர்களும் சேர்ந்து வந்து, இரண்டு மணிக்கட்டையும் சாட்சிக்கு நீட்டுவதுபோல நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். டைம் கீப்பர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “ரெண்டு பேரும் ஒரே டீக்கடையில நின்னு, அவன் கையப் பாத்து நீயும் உன்ற கையப் பாத்து அவனும் திருகி வெச்சுக்குவீங்க. அதுக்குப் பேரு டைமா? எடுய்யா வண்டிய.” முன் சீட்டில் யாரோ சிரிக்கிறார்கள். கண்டக்டரும் சிரித்துக்கொண்டே படியேறி ரைட் சொல்கிறார். எனக்கு மட்டும் அந்த வார்த்தை தொண்டையில் மாத்திரை மாதிரி நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஜன்னல் கம்பி பனியில் ஈரமாக இருக்கிறது. கன்னத்தை அதில் சாய்த்துக்கொள்கிறேன். தூங்கினால் நன்றாக இருக்கும். இறங்க வேண்டிய மில்லைத் தாண்டி, சுந்தராபுரம் தாண்டி, உக்கடம் வரைக்கும் தூங்கிப்போய்விட்டேன் சார், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லலாம். ஆனால் நான் அப்படித் தூங்குகிற ஆள் இல்லை, என் நிறுத்தத்துக்கு முன்னால் எனக்கு எப்போதும் விழிப்பு வந்துவிடும், அதுதான் என் கஷ்டமே.

எங்கள் மில்லிலும் இரண்டு பேர் இப்படித்தான் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேர் என்று சொல்லக்கூடாது, பெட்டிகள். ஒன்று முதல் யூனிட்டில், நான் நாள் முழுக்கக் குளிரில் உட்கார்ந்திருக்கிற சர்வர் ரூமில். இன்னொன்று ரோட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டாவது யூனிட்டில். கேட்டில் விரல் வைக்கிற பஞ்ச் மெஷின், சுவர்க் கடிகாரங்கள், கம்ப்யூட்டர்கள், ஷிப்டுக்கு ஊதுகிற சங்கு வரைக்கும் இந்த இரண்டு பெட்டிகளிடம்தான் மணி கேட்கின்றன. பெட்டிகள் முன்பெல்லாம் வெளியே கேட்டன, மணி சொல்வதற்கென்றே இண்டர்நெட்டில் இருக்கிற பெரிய சர்வர்களிடம். போன வருஷம் வைரஸ் பயத்தில் வெளி வழியை அடைத்தபோது அந்த வழியும் சேர்ந்து அடைபட்டது. “ரெண்டையும் ஒண்ணுக்கொண்ணு சமமா, பியராப் போட்டுட்டா முடிஞ்சுது வினோதா. ஒண்ண ஒண்ணு பாத்துக்கும்” என்றார் என் சீனியர் லோகநாதன். நான் லோகு சார் என்பேன். மில்லில் நெட்வொர்க் பார்ப்பவர்கள் நாங்கள் இரண்டே பேர். வெளியே யாரும் கிடைக்காவிட்டால் உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்த்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவை ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. ஒன்று அரை விநாடி முந்தினால் மற்றது அதைப் பார்த்துத் தானும் கொஞ்சம் முந்தும், அது முந்தியதைப் பார்த்து இதற்குத் தைரியம் வரும். சண்டையே கிடையாது. எப்போது சோதித்தாலும் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு இமைப்பொழுதுகூட இருக்காது. திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும். இப்படியே கைகோத்துக்கொண்டு இரண்டும் உலகத்தைவிட்டு ஐந்து நிமிஷம் முன்னால் போய்விட்டன, ஊரில் எட்டு அடிப்பதற்குள் எங்கள் மில்லில் எட்டு தாண்டிவிடுகிறது.

அச்சிபட்டி தாண்டுகிறது. தென்னந்தோப்புகளில் வெயில் இன்னும் தரைக்கு இறங்கவில்லை. நேற்று சாயங்காலம் கிளம்பும்போது லோகு சார் சொன்னதை மறுபடி கேட்கிறேன், இரவெல்லாம் கேட்டாயிற்று, ஆனாலும் பஸ்ஸில் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது, இன்ஜின் சத்தத்தில் அவர் குரல் இன்னும் சாந்தமாகக் கேட்கிறது. “நாளைக்கு எனக்குப் பாப்பாவை ஊசிக்குக் கூட்டிட்டுப் போகணும்மா, லேட்டாத்தான் வருவேன். நீ வந்ததும் முதல் வேலையா வெளி சர்வரைக் குடுத்து டைமைச் சரி பண்ணிடு. அந்த வைண்டிங் அம்மா என்கொயரில நம்ம பக்கம் யாரையாவது கூப்பிடுவாங்க. சிஸ்டத்துல தப்பு இருக்கான்னு கேட்டா, ரெண்டு சர்வரும் ஒத்துப்போகுதுன்னு சொல்லு. அது பொய் இல்லையே.” பொய் இல்லைதான். இவ்வளவு சுத்தமான உண்மையை நான் யாரிடமும் சொன்னதில்லை. முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம் போய்ச் சொன்னால் இன்னும் சுத்தம், ஏனென்றால் அதற்குப் பிறகு யார் வந்து பார்த்தாலும் மில்லின் மணி ஊரின் மணியாகவே இருக்கும், தப்பு இருந்த தடம்கூட இருக்காது. தடம் இருக்கப்போவது ஒரே இடத்தில். மூன்று தடவை லேட் என்று, வைண்டிங்கில் நூல் சுற்றுகிற மயிலாத்தாள் அக்காவின் பேருக்கு நேராக.

அக்காவிடம் கேட்டேன். என் சொந்த அக்காவிடம். நேற்று காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தோம். “சொல்லலாமாக்கா?” என்றேன். “உனக்கு என்ன தோணுது?” என்றாள். “வேண்டாம்னு தோணுது.” “எனக்கும் அதான் தோணுச்சு. வேலைக்குப் போன எடத்துல நமக்கெதுக்கு?” உடனே மனம் லேசாகிவிட்டது, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தோன்றினால் அது சரியாகத்தானே இருக்கும். துணியை மடித்து அடுக்கி முடித்த பிறகுதான் தோன்றியது, அவள் எங்கே யோசித்தாள், என் முகத்தைப் பார்த்துத்தானே சொன்னாள். நானும் அப்படித்தான், அவள் தனக்கு வரப்போகும் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டபோது அவள் முகத்தைப் பார்த்துத்தான் ‘நல்லவராத்தான் தெரியுது’ என்றேன். அப்பா இருந்தவரை வீட்டில் கேட்கிற வேலையே இல்லை. அவர் சொல்வார், நாங்கள் வைத்துக்கொள்வோம். அதுவும் ஒன்றும் சுகமில்லை. தப்பாகவே சொன்னாலும் திருப்பிச் சொல்ல வழி கிடையாது. அவர் போன பிறகு நானும் அக்காவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டோம். எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. எவ்வளவு தூரம் தள்ளிப் போயிருக்கிறோமோ, யாருக்குத் தெரியும்.

கோவில்பாளையம் நிறுத்தத்தில் மயிலாத்தாள் அக்கா ஏறுகிறார். ஏறுவார் என்று தெரியும். ஏறாமல் இருக்க மாட்டாரா என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் வந்து ஒரு நாள் வராமல் இருந்தால் என்கொயரி தள்ளிப்போகும், அதற்குள் லோகு சாரே வந்து சரிசெய்துவிடுவார், என் கை படாமல் எல்லாம் முடியும். நினைத்த உடனே என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது, ஒரு மனுஷிக்குக் காய்ச்சல் வரட்டும் என்று ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வேண்டிக்கொள்கிற பெண். அவர் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்கிறார், தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொள்கிறார். நல்ல சேலை கட்டியிருக்கிறார். கஞ்சி போட்டது, மடிப்பு இன்னும் விறைப்பாக நிற்கிறது. “பையன் ஏறிட்டானாக்கா?” என்று கேட்கிறேன். “ஏறிட்டான் கண்ணு. இன்னைக்கு அழுவல. வேன்காரர் பாட்டுப் போட்டுட்டே வந்தாரு, தலைய ஆட்டிக்கிட்டே போறான்.” அவர் மகனுக்குப் பதினாறு வயது, தானாக உடுத்தவோ தின்னவோ தெரியாது, அவனைப்போன்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கூட வேன் வந்து அவனை ஏற்றிக்கொண்ட பிறகுதான் அவர் பஸ் ஏற முடியும். இந்த பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை என்பதில்லை, முந்தின பஸ் இருக்கிறது. இதே பஸ்ஸில் வந்துகொண்டிருந்த மற்ற மில்காரர்களெல்லாம் லேட் விழ ஆரம்பித்ததும் ஒவ்வொருவராக முந்தின பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். ஹாஸ்டல் பெண்கள் மில்லுக்குள்ளேயே தங்கி வேலை செய்கிறவர்கள், அவர்களுக்கு லேட் என்பதே கிடையாது. எங்களைப் போன்ற ஸ்டாஃபுக்கும் கிடையாது, என் பேரிலும் அதே நாட்களில் லேட் விழுந்திருக்கும், யாரும் பார்ப்பதில்லை. மிச்சம் இருப்பது அக்கா ஒருவர்தான்.

“மணி என்ன கண்ணு?” என்கிறார். தினமும் இந்த இடத்தில் கேட்பார். அவருடைய சின்ன போனில் மணி எந்த வருஷத்திலோ ஒரு ஜனவரியில் நின்றுபோயிருக்கிறது, பேச மட்டும்தான் அது. சொல்கிறேன். “அப்ப நேரத்துக்குத்தான போறோம்?” “நேரத்துக்குத்தான்க்கா.” “அதான் எனக்குப் புரியல. தினமும் நேரத்துக்குத்தான் போறோம், சில நாளு போயி எறங்குனா சங்கு ஊதிருது. என்ற காலு முன்ன மாதிரி இல்ல கண்ணு. எறங்குன எடத்துலருந்து கேட்டுக்கு எத்தன தூரம், நாலெட்டு. அத நடக்கறதுக்குள்ள நேரம் ஓடிப்போயிருது. வயசாச்சுன்னு தெரியாமயே வயசாயிருது போல.” சிரிக்கிறார். நான் அவருடைய காலைப் பார்க்கிறேன். குதிகால் வெடித்து, செருப்பின் வார் தைத்து, அந்தக் கால்கள் சேலைக் கரைக்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கின பிள்ளை மாதிரி இருக்கின்றன. அவர் தன் காலைச் சந்தேகப்படுகிறார். இத்தனை வருஷம் வைண்டிங்கில் நின்ற கால். கடிகாரத்தைச் சந்தேகப்படலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்ற வேண்டும், சங்கு சொல்கிறது, பஞ்ச் மெஷின் சொல்கிறது, சுவர் சொல்கிறது, மில்லுக்கு எதிரே இருக்கிற டீக்கடைக் கடிகாரமும் சங்கைப் பார்த்து வைத்ததுதான், அதுவும் சொல்கிறது, இத்தனை பேர் சொல்லும்போது தன் கால் தப்பு என்பதுதானே நியாயம். “இன்னைக்கு என்ன கேப்பாங்க கண்ணு? கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிருவாங்களா?” “தெரியலக்கா.” தெரியும். மூன்று லேட்டுக்கு என்கொயரி, என்கொயரியில் காரணம் நிற்காவிட்டால் வேலையிலிருந்து நிறுத்தம். போன மாதம்தான் புது உத்தரவு வந்தது. நாற்பது தாண்டிய பெண்ணை இன்னொரு மில் எடுக்காது, ஹாஸ்டல் பிள்ளைகள் போதும் அவர்களுக்கு. “நின்னுக்கோன்னு சொன்னாங்கன்னா தோட்ட வேலைக்குத்தான் போகோணும். தோட்டத்துக்காரங்க சாயங்காலம் வரைக்கும் உடமாட்டாங்க, வேன் வந்து நின்னா எறக்கறதுக்கு ஆள் இருக்காது” என்கிறார், எனக்குச் சொல்கிற மாதிரி இல்லை, தூக்குப் பாத்திரத்துக்குச் சொல்கிற மாதிரி.

கிணத்துக்கடவு. மலைக்கோயில் ஜன்னலில் வந்து போகிறது, பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், அக்காவும். எனக்குக் கை எழவில்லை. கல்லூரியில் கம்ப்யூட்டர்கள் மணி கேட்கிற இந்த முறையைப் படித்தபோது படம் போட்டுக் காட்டினார்கள், ஒரு பக்கம் சர்வர், ஒரு பக்கம் கிளையன்ட். கிளையன்ட் கேட்கும், மணி என்ன. சர்வர் சொல்லும். போய்வந்த நேரத்தைப் பாதியாக்கிக் கழித்துக்கொண்டு கிளையன்ட் தன்னைத் திருத்திக்கொள்ளும். பதில் சொன்ன கையோடு சர்வர் கேட்டவனை மறந்துவிடும், அவன் யார், எத்தனை தடவை கேட்டான், சரியாக வைத்துக்கொண்டானா, எதுவும் அதற்கு வேண்டாம். எனக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. நான் அந்த மாதிரிப் பிள்ளை. கேட்டு வைத்துக்கொள்வேன். பரீட்சைக்கு அதை எழுதினேன், நல்ல மார்க். ஒன்று மட்டும் அப்போது கவனிக்கவில்லை, கிளையன்ட் எவ்வளவுதான் சரியான மணி வைத்திருந்தாலும் சர்வரிடம், உன் மணி தப்பு என்று சொல்ல அந்தப் படத்தில் ஒரு அம்புக்குறி கிடையாது. அதற்குத்தான் பியர். இரண்டு பேரும் சமம், யாரும் யாரையும் திருத்தலாம், நீ எனக்குச் சொல், நான் உனக்குச் சொல்கிறேன். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு பேரில் ஒருவராவது வெளியே யாரிடமாவது கேட்கிறவராக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே டீக்கடையில் டீ குடிப்பதுதான்.

லோகு சாருக்கு நான் என்ன, கிளையன்ட்டா, பியரா? ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு நாள், “சார், நம்ம டைம் போனைவிட ஒரு ரெண்டு நிமிஷம் முன்னாடி இருக்கற மாதிரி இருக்கு சார்” என்று சொன்னேன். எழுந்து நின்று சொன்னேன், எனக்கு உட்கார்ந்துகொண்டு மாற்றுக் கருத்து சொல்ல வராது. அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். “ரெண்டும் ஒண்ணாயிருக்குல்ல?” “ஆமா சார்.” “அப்பறம்?” அந்த ‘அப்பறம்’ இன்னும் காதில் இருக்கிறது, கோபம் இல்லை அதில், களைப்புதான். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றபோது என்னைக் கேட்காமலே தன் லீவை ரத்து செய்துவிட்டு வந்து என் வேலையைப் பார்த்தார். குளிர்கிறது என்று நான் சொன்னதில்லை, ஆனால் ஒரு நாள் ஏசி துவாரத்தில் அட்டை ஒட்டியிருந்தது. மில்லில் ஆள் குறைக்கிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து அவர் சாப்பாட்டுக்குப் போவதுகூட இல்லை, திரைக்கு முன்னாலேயே தின்கிறார். நான் வாயைத் திறந்தால் போகப்போவது அவர். நேற்று கிளம்பும்போது கடைசியாக, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “என்னை மட்டும் கேக்க மாட்டாங்க வினோதா. இத்தன நாள் நீ என்னத்தப் பாத்தேன்னு உன்னையும் கேப்பாங்க” என்றார். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அதற்காகவும் அவர் கவலைப்பட்டார். அது இன்னும் மோசம். பக்கத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார், தலை ஆடி ஆடி என் தோளில் மெல்ல வந்து முட்டுகிறது, முட்டியதும் விழித்து நிமிர்ந்துகொள்கிறார், மறுபடி முட்டுகிறது. தலையில் தேங்காய் எண்ணெய் வாசம். சாய்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லலாம். வார்த்தை வருவதற்குள் ஒத்தக்கால்மண்டபம் வந்துவிடுகிறது, அவர் விழித்துச் சேலை மடிப்பைச் சரிசெய்துகொள்கிறார்.

மலுமிச்சம்பட்டியில் இறங்குகிறோம். போனைப் பார்க்கிறேன், எட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, சாவகாசமாக நடந்தால்கூடப் போதும். ரோட்டைத் தாண்டக் காலை எடுத்து வைக்கும்போது சங்கு ஊதுகிறது. தூரத்திலிருந்து வருகிற சத்தம்போலத் தொடங்கி வயிற்றுக்குள் வந்து நிற்கிற சத்தம். டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னால் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைக்கிறார், இரண்டும் ஒன்றாக இருக்கிறது என்ற திருப்தி. அக்கா ஓடுகிறார். கஞ்சி போட்ட சேலை காலைத் தட்டுகிறது, ஒரு கையில் தூக்கு, ஒரு கையில் கொசுவம், நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்த நாளிலும் ஓட்டம். ஓடாதீங்கக்கா என்று என் உள்ளே யாரோ சத்தமாகச் சொல்கிறார்கள். வெளியே வருவதற்குள் அவர் கேட்டுக்குப் போய்விட்டார், போனை லாக்கரில் போட்டு, விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து மெஷினில் வைக்கிறார், அது சிவப்பு விளக்கோடு ஒரு சின்னச் சத்தம் எழுப்புகிறது. வாட்ச்மேன், “இன்னைக்குமாக்கா?” என்கிறார். எனக்கும் அதே சிவப்பு, அதே சத்தம். “நீங்க போங்கம்மா” என்கிறார் என்னிடம்.

சர்வர் ரூமில் குளிர் காத்திருக்கிறது. உட்கார்கிறேன். வெளி வழியைத் திறக்கும் வரியை அடிக்கிறேன், வெளி சர்வரின் பேரை அடிக்கிறேன், கை தானாக வேலை செய்கிறது, அதற்கு இதெல்லாம் தெரியும். இனி எண்டர் மட்டும் தட்ட வேண்டும். தட்டினால் கடிகாரங்கள் எல்லாம் ஒரு நொடியில் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும், மில் ஊரோடு சேர்ந்துவிடும், நாளையிலிருந்து மயிலாத்தாள் அக்கா லேட்டே ஆக மாட்டார், வேலையில் இருந்தால். கர்சர் மினுக்குகிறது, நிற்கிறது, மினுக்குகிறது. விரல் அந்தக் கீயின்மேல் இருக்கிறது. வேறொருவருடைய விரல் மாதிரி வெளுத்துப்போயிருக்கிறது. போன் அடிக்கிறது, லோகு சார். பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம். “பண்ணிட்டியாம்மா?” “இன்னும் இல்ல சார்.” “ஏன், உள்ள போக முடியலயா?” “போயிட்டேன் சார்.” “அப்பறம்?” அதே அப்பறம். அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் யாருடைய பேரையோ கூப்பிடுகிறாள். “வினோதா,” என்கிறார், ரொம்ப மெதுவாக, “பாப்பாவக் கூப்பிடறாங்க. நீ பாத்துக்கோ.” போன் வைக்கப்படுகிறது. உடனே இண்டர்காம். வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸ். சிஸ்டம் ஆளை வரச் சொல்கிறார்கள். எழுகிறேன். வரி திரையில் அப்படியே இருக்கிறது, எண்டர் தட்டாமல். நான் தீர்மானித்தேன் என்று சொல்ல முடியாது. எழுந்துவிட்டேன், அவ்வளவுதான்.

டைம் ஆபீஸர் வெள்ளிங்கிரி சார் இண்டர்காமில் பேசிக்கொண்டிருக்கிறார். ஷிப்ட் சங்குக்கு அப்புறம் தினமும் இரண்டாவது யூனிட்டின் டைம் ஆபீஸுக்கு அவர் போன் பண்ணுவது மில்லுக்கே தெரியும். “அங்க என்னங்க மணி? ... ஆங், இங்கயும் அதேதானுங்க. விநாடி சுத்தம்.” வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்க்கிறார். ஆஸ்பத்திரி மாதிரித் துடைத்துவைத்த மேஜை. அவர் நாற்காலியைத் தவிர இன்னொன்று சுவரோரம் கிடக்கிறது, அது ஸ்டாஃபுக்கு. மயிலாத்தாள் அக்கா மேஜைக்கு முன்னால் நிற்கிறார். தொழிலாளி நிற்பதுதான் வழக்கம். தூக்குப் பாத்திரத்தை வைக்க இடமில்லாமல் இன்னும் கையிலேயே வைத்திருக்கிறார். “உக்காரும்மா” என்கிறார் சார் என்னைப் பார்த்து. உட்காரவில்லை. “ஒண்ணுமில்ல, ஒரு ஃபார்மாலிட்டி. இந்தம்மா நேரத்துக்குத்தான் வரேங்கறாங்க. மெஷின் லேட்டுங்குது. உங்க சிஸ்டத்துல ஏதாச்சும் கோளாறு உண்டா?” வாக்கியம் வாயில் தயாராக இருக்கிறது. ரெண்டு சர்வரும் ஒத்துப்போகுது சார். நேற்றிலிருந்து நாக்கில் உருட்டி உருட்டி வழவழப்பாகிவிட்ட வாக்கியம், திறந்தால் தானாக விழுந்துவிடும். அக்கா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறார். “அந்தப் புள்ளையக் கேக்காதீங்க சார், அதுக்கு என்ன தெரியும். என்ற காலுதானுங்க சரியில்ல. இனிமே முந்தியே வந்தர்றனுங்க, ஒரு தடவ பாத்து உடுங்க” என்கிறார். அவரே எனக்கு வழி விட்டுவிட்டார். நான் வாயைத் திறக்க வேண்டியதுகூட இல்லை இனி, இல்லை என்று தலையை ஆட்டினால் போதும். காதுக்குள் லோகு சாரின் பாப்பா அழுகிறது. கோவில்பாளையத்தில் ஒரு வேன் வந்து நின்றுகொண்டே இருக்கிறது, இறக்க ஆள் இல்லை. “சொல்லும்மா” என்கிறார் சார். துப்பட்டாவுக்குள்ளிருந்து போனை எடுக்கிறேன். மேஜைமேல், அவருடைய மேஜைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில், இரண்டும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி வைக்கிறேன்.

அவர் குனிந்து பார்க்கிறார். “போன் டைமை எல்லாம் நம்பக் கூடாதும்மா. இந்தக் கட்டடத்துல டவர் சரியா கிடைக்காது” என்கிறார். பிறகு சுவரைப் பார்க்கிறார். பிறகு மறுபடி போனை. “ரெண்டாவது யூனிட்லயும் இதே டைம்தான. இப்பத்தான கேட்டேன்.” “அவங்க நம்மளக் கேக்கறாங்க சார்.” இது என் குரல், எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, எனக்கே கேட்காத அளவு சின்னதாக. “நாம அவங்களக் கேக்கறோம். வெளிய யாரையும் கேக்கல சார்.” மின்விசிறி சுற்றுகிறது. நூல் தூசி ஒன்று மேஜைமேல் வந்து இறங்குகிறது, அவர் அதைத் துடைக்கவில்லை. நெட்வொர்க் ஆட்களைத் தவிர யாருக்கும் ஷிப்ட் நேரத்தில் போன் கூடாது என்ற உத்தரவை மில்லிலேயே முதலில் கடைப்பிடிப்பவர் அவர், காலையில் வந்ததும் அணைத்து உள்ளே வைத்துவிடுவார். இழுப்பறையைத் திறக்கிறார். போனை எடுத்து பட்டனை அழுத்திப் பிடிக்கிறார். திரை கறுப்பாகவே இருக்கிறது, வெளுக்கிறது, கம்பெனிப் பேர் வருகிறது, போகிறது, மறுபடி கறுப்பு. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அக்கா எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்க்கிறார். டவர் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. மணி வருகிறது, சுவரைவிட ஐந்து நிமிஷம் பின்னால். அவர் அதை என் போனுக்குப் பக்கத்தில் வைக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்க்கிறார். பிறகு எழுந்து போய், சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து மயிலாத்தாள் அக்காவுக்குப் போடுகிறார்.